டம்ளரும் தட்டும்

(பொது நூலக வாசகர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சித்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நோய் எதிர்ப்புச் சக்தி தரும் இயற்கை உணவுகளும் மூலிகைகளும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். முன்வரிசையில் சிலர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். நான் பட்டியல் சொல்வேன், குறித்துக்கொண்டு நேரே நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விடலாம் என்று வந்திருப்பீர்கள். மன்னிக்கணும், இன்றைக்குப் பட்டியல் கிடையாது. சித்த மருத்துவம் படித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தா பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூலிகையைக் குறைத்துப் பேச எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாக நம் வீடுகளில் இரண்டு சங்கதிகள் இடம் மாறிப் போயிருக்கின்றன. மருந்தாக இருக்க வேண்டிய மூலிகையை டீ மாதிரி குடிக்கிறோம். உடம்பைக் காக்கிற சோறு, பருப்பு, கீரை, முட்டையை 'அது கெடக்கட்டும்' என்று ஒதுக்குகிறோம். இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நிலவேம்பிலிருந்தே ஆரம்பிப்போம். 2006-இல் சிக்குன்குனியா வந்து ஊர் ஊராக மூட்டைப் பிடித்து உட்கார வைத்தபோதே நிலவேம்பின் பேர் பரவ ஆரம்பித்துவிட்டது. 2012-இல் டெங்கு கடுமையாக வந்தபோது அரசு மருத்துவமனைகளிலேயே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். 2017-இல் மறுபடியும் டெங்கு. தெருமுனைக்குத் தெருமுனை கட்சிக்காரர்களும் ரசிகர் மன்றங்களும் டிரம் வைத்து ஊற்றினார்கள். அந்த அக்டோபரில் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடிவு வரும்வரை இதை விநியோகிக்க வேண்டாம் என்று தன் இயக்கத்தாரைக் கேட்டுக்கொள்ள, பெரிய சண்டையே நடந்தது. ஒரு பக்கம் தமிழ் மருத்துவத்தையே அவமதித்துவிட்டார் என்றார்கள். இன்னொரு பக்கம் கஷாயம் என்றாலே மூடநம்பிக்கை என்றார்கள். அந்த டிரம்மில் இருப்பது எப்போது காய்ச்சியது என்று மட்டும் இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை.

நான் ஏன் அதைக் கேட்கிறேன் என்றால், சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு மருந்து வகைக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறது. சூரணத்துக்கு மூன்று மாதம். குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சிய குடிநீரைச் சாயங்காலம் ஊற்றினால் அது நம் சாஸ்திரப்படியே மருந்து இல்லை. நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டுமே போட்டதும் அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேரணும். ஒரு டீஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, கால் டம்ளராகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்சி, வடிகட்டி, சூடு ஆறியதும் குடிக்கணும். கூட்டத்துக்குப் பத்தவில்லை என்று நடுவில் ஒரு குடம் தண்ணீர் சேர்த்தால் கசப்பு மிஞ்சும், அளவு போய்விடும். இதெல்லாம் எங்கள் கல்லூரியில் முதல் வருஷங்களிலேயே சொல்லிக் கொடுப்பது.

நிலவேம்பில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருளைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சளி, தொண்டைவலி, இருமலில் தொந்தரவைக் கொஞ்சம் குறைக்கிறது என்று பல சோதனைகள் சொல்கின்றன. அவற்றில் பலவும் சிறிய சோதனைகள். ஆய்வகத்தில் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிராகவும் குடிநீர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வகக் குப்பியில் நடப்பது மனுஷ உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே நிலவேம்பு சேர்ந்த மருந்துகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வருகிறது என்று ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. உடம்பில் வேலை செய்கிற எந்தச் சரக்கும் இப்படித்தான். நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும்.

டெங்குவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். நிலவேம்போ, பப்பாளி இலைச் சாறோ குடிக்கிறவர்கள் மற்றதை மறந்துவிடுகிறார்கள். டெங்குவில் ஆபத்து வருவது காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, அது விடுகிற சமயத்தில்தான். 'காய்ச்சல் விட்டிருச்சு, தட்டணு எவ்வளவு' என்று வீட்டார் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான் உயிரைக் குடிக்கிறது. விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை துவண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் கையிலிருக்கும் டம்ளரை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது 'எதிர்ப்பைக் கூட்டுவது' என்ற ஆசைக்கு வருகிறேன். சம்பளம் மாதிரி, அது எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே என்று நினைக்கிறோம். 2020-இல் கொரோனா வந்தபோது எந்த மளிகைக் கடையில் பார்த்தாலும் 'இம்யூனிட்டி' என்று அச்சடித்த பொட்டலங்கள். பால் முதல் பிஸ்கட் வரை எல்லாம் எதிர்ப்புச் சக்தி தந்தன. தமிழ்நாடு அரசு ஆரோக்கியம் திட்டம் என்று அறிவித்துக் கபசுரக் குடிநீர் கொடுத்தது. ஆனால் அந்த வருஷம் ஜூன் மாதம் பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' சோதனையின் முடிவு வந்தது. மூச்சுக்கருவி பொருத்தப்பட்ட நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்த மருந்து டெக்சாமெத்தசோன். மலிவான, பழைய ஸ்டீராய்டு. அது எதிர்ப்பைக் கூட்டுகிற மருந்தா? இல்லை, அடக்குகிற மருந்து. கடுமையான கட்டத்தில் வைரஸைவிட, அதை அடிக்கக் கிளம்பிய சொந்தப் படையே நுரையீரலைச் சேதப்படுத்திக்கொண்டிருந்தது.

இதே படைதான் முடக்குவாதத்தில் மூட்டை அரிக்கிறது, லூபஸில் சிறுநீரகத்தைத் தின்கிறது. மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் தங்கள் எதிர்ப்பை அடக்கி வைக்கவே தினமும் மாத்திரை போடுகிறார்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒரு சொந்தக்காரர் அன்போடு 'எதிர்ப்புக் கஷாயம்' காய்ச்சிக் கொடுக்கிறார்.

சீந்தில் கொடியின் கதை இங்கேதான் வருகிறது. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் அதுவும் ஒன்று. நல்ல மூலிகை, சந்தேகமில்லை. சீந்தில் சர்க்கரை என்று நாங்கள் செய்கிற மருந்துக்குத் தனி மதிப்பே உண்டு. ஆனால் கொரோனா நாட்களில் வட இந்தியாவில் அதைக் 'கிலோய்' என்று சொல்லி, கொடியைப் பறித்து மாதக்கணக்கில் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள், அப்படிக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருஷம் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து இன்னும் பல நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. சொந்தக் கல்லீரலையே உடம்பின் படை தாக்குகிற நோய் அவர்களில் பலருக்கு உறங்கிக் கிடந்து, அதைச் சீந்தில் தட்டி எழுப்பிவிட்டது என்பது அந்த மருத்துவர்களின் கருத்து. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் மாதிரியே தோன்றும் வேறு கொடியைப் பறித்திருக்கலாம் என்றது. அந்த வாதத்தை நான் சும்மா தள்ள மாட்டேன், அப்படியும் நடக்கும். ஆனால் அதனால் என் கட்சிதான் பலப்படுகிறது. எது சீந்தில் என்று தெரியாதவர் கொடியைப் பறிக்கலாமா? எத்தனை நாள் குடிக்கலாம் என்று தெரியாதவர் குடிக்கலாமா? பதினைந்து சரக்கு சேர்த்து, நாள் கணக்குச் சொல்லி, பத்தியம் சொல்லிக் கொடுத்த மருந்தில், பத்தியத்தை விட்டு, கணக்கை விட்டு, கஷாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அதிமதுரமும் அப்படித்தான். இருமலுக்கு நாலைந்து நாள் சுவைக்கலாம். மாதக்கணக்கில் குடித்தால் உப்பு உடம்பில் தங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரை போட்டும் குறையவில்லை என்று வருகிறவர்களிடம், வீட்டில் என்ன கஷாயம் என்று நான் கேட்பது வழக்கம். பாதிப் பேர் அதைச் சொல்லவே மாட்டார்கள். 'அது மருந்து இல்லீங்களே, இயற்கைதானே' என்பார்கள். எட்டிக்கொட்டையும் இயற்கைதான்.

சரி, தட்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

ஜார்க்கண்டில் நாலு மாவட்டங்களில் 2019-இலிருந்து 2022 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா, அவர்களோடு நம்முடைய சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம். 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் அவர்களோடு வாழ்கிற 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். காசநோய் இருக்கிற வீட்டில் கூட இருப்பவர்களுக்கு அது தொற்ற வாய்ப்பு அதிகம். ஒரு பகுதி வீடுகளில், நோயாளிக்கு மட்டுமல்லாமல் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில் நோயாளிக்கு மட்டும் உணவு. மற்றவர்கள் எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டார்கள். முடிவு 2023-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அரிசி பருப்பு கிடைத்த குடும்பத்தாருக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியாகும் நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது.

அரிசியும் துவரம் பருப்பும்! எந்த விளம்பரத்திலும் வராத சரக்கு. நம் பொட்டலக் கஷாயங்களில் ஏதாவது ஒன்று இத்தனை பேரிடம் சோதித்து, இதில் பாதி பலனைக் காட்டியிருந்தால் அந்தக் கம்பெனி இந்நேரம் ஊரெல்லாம் பேனர் கட்டியிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதில் மாயம் ஒன்றும் இல்லை. கிருமியைப் பிடிக்கிற எதிரணுக்கள் புரதத்தால் ஆனவை. வெள்ளையணுக்கள் எலும்பு மஜ்ஜையில் தினமும் புதிது புதிதாகப் பிறக்கணும். அதற்கு மாவுச்சத்து வேணும், புரதம் வேணும், இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ எல்லாம் வேணும். வாரக்கணக்கில் இவை குறைந்தால் உடம்பு முதலில் கைவிடுகிற செலவுகளில் இந்தப் படையும் ஒன்று.

இதில் ஒரு பழைய வரலாறும் இருக்கிறது. அதே சேத்துப்பட்டு நிலையத்தில்தான், 1956-இல் அது காசநோய் மருந்து ஆய்வு மையமாகத் தொடங்கிய காலத்தில், உலகப் புகழ்பெற்ற 'மெட்ராஸ் ஆய்வு' நடந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக இருந்தவர்களும், வீட்டில் ஏழைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும், சரியாக மருந்து சாப்பிட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகிறார்கள் என்று அது காட்டியது. ஏழைகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்குக் கதவைத் திறந்த ஆய்வு. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மருந்து இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்ற எண்ணமும் அத்தோடு வளர்ந்துவிட்டது. அறுபது வருஷத்துக்குப் பிறகு அதே நிலையத்தாரும் சேர்ந்து, சாப்பாட்டை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவத்தில் நான் பார்த்த நேர்மையான திருப்பங்களில் இது ஒன்று.

இனி நெல்லிக்காய். ஔவைக்கு அதியமான் கொடுத்ததைச் சொல்லாமல் நெல்லிக்காயைப் பேசினால் விடமாட்டீர்கள், சொல்லியாகிவிட்டது. நெல்லிக்காயில் வைட்டமின் சி நூறு கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று நாங்கள் படித்தோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது 250 சொச்சம்தான். அதனால் நெல்லிக்காய்க்கு ஒரு குறைவும் இல்லை. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. நடுத்தர நெல்லிக்காய் ஒன்றே அதை ஏறக்குறைய கொடுத்துவிடும். பாதிக் கொய்யாப்பழமும் கொடுத்துவிடும், அதுவும் கொய்யா சீசனில் எவ்வளவு மலிவு! அதற்கு மேல் போவதெல்லாம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும்.

வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று பரப்பியவர் சாதாரண ஆள் இல்லை, இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங். 1970-இல் அதற்காகவே புத்தகம் எழுதினார். பிறகு பதினோராயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தினமும் மாத்திரை போட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி போவதில் பெரியவர்களுக்கு 8 சதவீத நேரம் மிச்சம். ஏழு நாள் சளியில் அரை நாள். மாரத்தான் ஓடுகிறவர்கள், பனியில் பயிற்சி செய்யும் சிப்பாய்கள், இப்படி உடம்பை வதைத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும் நல்ல பலன் தெரிந்தது.

அப்படியானால் நெல்லிக்காய் எதற்கு? கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைக் குடல் எளிதில் வாங்காது. புளிப்பான நெல்லிக்காய் கூட இருந்தால் நன்றாக வாங்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தசோகை உள்ள உடம்பு நோயோடு சண்டை போடத் திணறும். முருங்கைக்கீரைப் பொரியலும் பருப்புக் குழம்பும் வைத்த அன்றைக்கு ஒரு நெல்லிக்காய்த் துவையல் அரைத்தால், அதுதான் அதன் சரியான இடம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். தேயிலை அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது.

முருங்கை என்றதும் 'கீரையைவிட இருபத்தைந்து மடங்கு இரும்பு' என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அது காய்ந்த முருங்கைப் பொடியைப் பச்சைப் பசலையோடு ஒப்பிட்ட தந்திரம். எதைக் காயவைத்தாலும் தண்ணீர் போய் எண் ஏறும். பறித்த கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குங்கள், முடிந்தால் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் சேரும். குப்பியில் அடைத்த பொடிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. கொல்லையில் ஒரு போத்து நட்டால் போதும்.

மஞ்சளைப் பற்றிச் சுருக்கமாக. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான். பாலில் போடும் அரை டீஸ்பூனில் அது 50 மில்லிகிராம்கூடத் தேறாது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், மிளகின் பைப்பெரினைச் சேர்த்தால் குர்குமின் இருபது மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது. அங்கே கொடுத்ததோ இரண்டு கிராம் குர்குமின். நம் ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்வது நல்ல சேர்க்கைதான். அதை மருந்தென்று எண்ணாமல் ரசமென்று சாப்பிடுங்கள். தொண்டைக்கு இதம், பசி எடுக்கும், காய்ச்சலில் கிடப்பவர் நாலு வாய் சோறு அதிகம் இறக்குவார். அது சின்ன விஷயமா? இன்னொன்று: பளபளவென்று இருக்கும் உதிரி மஞ்சள்தூளில் ஈய நிறமியைக் கலக்கும் மோசடி உண்டு. விரலி மஞ்சளை வாங்கி நீங்களே அரைத்துக்கொள்வது உத்தமம்.

இதையெல்லாம் விட மேலான எதிர்ப்பு உணவு ஒன்று இருக்கிறது. காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது. பிள்ளை பெற்ற முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமே வரும். அதில் தாயின் எதிரணுக்கள் செறிந்து கிடக்கின்றன. குழந்தையின் குடலில் பூச்சு மாதிரி படிந்து காக்கின்றன. நம் பக்கத்தில் இன்றும் சில வீடுகளில் குழந்தை பிறந்ததும் பெரியவர் ஒருவர் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு நாக்கில் வைக்கிறார். தெருவில் கழுதையைக் கூட்டிக்கொண்டு வந்து, சங்கு இத்தனை ரூபாய் என்று பால் கறந்து கொடுக்கிறவர்களிடம் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லி வாங்கிப் புகட்டுகிறார்கள். காய்ச்சாத மிருகப் பால், பச்சைக் குழந்தைக்கு! ஆச்சி, அம்மாச்சி யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போடுங்கள். தேன்கூட ஒரு வயது முடியும்வரை வேண்டாம்.

அப்புறம் லேகியம். எதிர்ப்புக்கென்று கரண்டி கரண்டியாகச் சாப்பிடும் கடை லேகியங்கள் பலவற்றில் பாதிக்கு மேல் சர்க்கரை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு சொல்கிறது. கட்டுப்படாத சர்க்கரை எதிர்ப்பை எப்படிக் கெடுக்கும் என்பதற்குக் காசநோயே சாட்சி. சர்க்கரை நோயாளிக்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். நீங்கள் எந்தக் கஷாயம் குடித்தாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், சித்தாவோ அலோபதியோ, அதைச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். இரண்டாவது, எதிர்ப்புச் சக்திக்கென்று மாதாமாதம் பொட்டலமும் குப்பியும் வாங்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை வேறு பக்கம் திருப்புங்கள். காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்கென்று அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. ஒரு குடும்பத்துக்கு அது பத்தாது. நிக்ஷய் மித்ரா என்ற திட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து, ஒரு நோயாளியின் உணவுப் பொறுப்பை ஆறு மாதத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் வட்டார அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் கேட்டால் விவரம் சொல்வார்கள். இந்த வாசகர் கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை போட முடியும். முன்வரிசையில் நோட்டு வைத்திருப்பவர்கள் அதில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதி, இன்றைக்கே நூலகரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.